2026 தீபாவளிக்கு மறுநாள் திங்கட்கிழமை விடுமுறையா, இப்போதே சொல்லிவிடுங்கள்

அரசு விடுமுறைப் பட்டியலையும் பள்ளி நாட்காட்டியையும் தயாரிக்கும் அலுவலர்களுக்கும், எல்லாப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காட்டு ஊர். வேலை கிடைத்து இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாறுதல் கலந்தாய்வில் என் முறை வருவதற்குள் ஊர்ப் பக்கத்து இடங்கள் தீர்ந்துவிடும். என்னைப் போலத் தெற்கிலிருந்து வந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மாறுதல் கேட்டு இதை எழுதவில்லை. பொங்கலையும் தீபாவளியையும் ஒட்டி நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல வரும் விடுமுறைக்காக ஒரு பள்ளிக்கூடம் எப்படிக் காத்துக் கிடக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால், நான் கேட்கப்போகிற இரண்டு விஷயங்களும் நியாயம் என்று உங்களுக்கே தோன்றும்.

எங்கள் பள்ளியில் அரையாண்டு விடுமுறை முடிந்து கதவு திறந்த முதல் நாளே பொங்கல் தொடங்கிவிடும். பத்தாம் வகுப்புக் கரும்பலகையின் மூலையில், தேதிக்குக் கீழே, பொடியாக ஓர் எண் எழுதியிருக்கும். யார் எழுதுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை, அழித்ததும் இல்லை. மறுநாள் வந்தால் அதில் ஒன்று குறைந்திருக்கும். கூட்டல் கழித்தலில் தடுமாறுகிற பிள்ளைகள்கூட அந்த எண்ணில் தவறியதே இல்லை. ஆசிரியர் அறையிலும் அதே கணக்குதான் ஓடும். யாருக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டது, யார் இன்னும் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார், யார் சேலம் வரைக்கும் பேருந்தில் போய் அங்கிருந்து மாறப்போகிறார் என்பதுதான் பேச்சு. சத்துணவு சமைக்கிற அக்கா, ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் வரப்போகிறாள் என்று பத்து நாளைக்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிடுவார். தினமும் சொல்வார், நாங்களும் தினமும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வோம்.

விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் மைதானத்தில் சமத்துவப் பொங்கல். வகுப்புக்கு ஒரு பானை, மூன்று செங்கல். வீட்டுக்கு ஒரு கைப்பிடி என்று பிள்ளைகள் கொண்டுவரும் அரிசியில் பச்சரிசியும் இருக்கும், ரேஷன் அரிசியும் இருக்கும், எல்லாம் ஒன்றாகத்தான் வேகும். மாணவிகள் விடியற்காலையிலேயே வந்து கோலம் போட்டுவிடுவார்கள். பையன்கள் அப்பாவின் வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டி, அது நழுவாமல் இருக்க மேலே பள்ளி பெல்ட்டைப் போட்டிருப்பார்கள். பொங்கிவிட்டால் ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம். அப்புறம் உறியடி, கயிறு இழுத்தல். மதியம் மூன்று மணி ஆகிவிட்டால் பாதிப் பேரின் கண் வாசல் பக்கம் போய்விடும்.

ஏன் வாசல் பக்கம் என்று வெளியிலிருந்து வந்த எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. எங்கள் பகுதியில் பெற்றோர் பலர் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார்கள். கணவனும் மனைவியுமாகப் போய், கட்டுகிற கட்டடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் தங்குவார்கள். கைக்குழந்தை இருந்தால் கூட்டிக்கொண்டு போவார்கள். படிக்கிற பிள்ளை பாட்டியிடம் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் வரும், பாட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசும். அந்தப் பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில், ஒரே வீட்டில், மூன்று நாள் முழுசாகக் கிடைப்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். நடுவில் கோயில் திருவிழா ஒன்று வரலாம், அதுவும் ஒரு ராத்திரியோடு முடிந்துவிடும்.

அதனால் ஜனவரியில் எங்கள் வகுப்பறைகளில் அதிகம் கேட்கும் கேள்வி, "மிஸ், எத்தனை நாள் லீவு?" என்பது. ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று நான் முதலில் நினைத்திருந்தேன். பதிலைக் கேட்டுக்கொண்டு போய் அன்று ராத்திரியே அந்தப் பிள்ளை போனில் அப்பாவிடம் சொல்லும். அவர் அதை வைத்துத்தான் மேஸ்திரியிடம் பேசுவார். மேஸ்திரி கான்கிரீட் போடும் நாளைப் பார்த்துவிட்டு எத்தனை நாள் விடலாம் என்று சொல்வார். மாணவன் கேட்கிற ஒரு கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. எனக்குத்தான் பல வருடம் அதற்குச் சரியான பதில் தெரிந்ததில்லை.

2025 பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 14 செவ்வாய் பொங்கல், 15 புதன் மாட்டுப் பொங்கல், 16 வியாழன் உழவர் திருநாள். வெள்ளிக்கிழமை மட்டும் நடுவில் தனியாக நின்றது. அந்த 17ஆம் தேதியையும் விடுமுறையாக அரசு அறிவித்தது. நல்ல முடிவு, மனதார நன்றி சொன்னோம். சனி, ஞாயிறும் சேர ஆறு நாள் கிடைத்தது. ஆனால் அறிவிப்பு வந்தது ஜனவரி பிறந்த பிறகு. ரயிலில் 2024 அக்டோபர் வரை 120 நாள் முன்பதிவு நடைமுறையில் இருந்ததால், பொங்கலுக்கான டிக்கெட்டுகளை நாங்கள் செப்டம்பரிலேயே எடுத்திருந்தோம். நான் ஊரிலிருந்து திரும்ப வியாழன் இரவு மைசூரு வண்டிக்கு எடுத்து வைத்திருந்தேன், வெள்ளி காலை முதல் பாடவேளைக்கு வகுப்பில் நிற்க வேண்டுமே. அறிவிப்பைப் பார்த்ததும் ஞாயிறு இரவுக்கு மாற்றலாம் என்று தேடினால் ஒரு படுக்கைகூட இல்லை. கடைசியில் மதுரைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து சேலத்துக்கு ஒரு பேருந்து, சேலத்திலிருந்து இன்னொன்று என்று நின்றும் உட்கார்ந்தும் வந்து சேர்ந்தேன். நான் சம்பளக்காரி, எப்படியோ சமாளித்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையனின் அப்பா வியாழனோடு முடிகிறது என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தார். வியாழன் மாலையே கிளம்பிவிட்டார். பையனுக்கு அதன் பிறகு மூன்று நாள் விடுமுறை இருந்தது, பாட்டியோடு.

அதற்கு ஈடாக 25ஆம் தேதி சனிக்கிழமை வேலை நாள் என்றார்கள். அதிலும் குறை சொல்ல மாட்டேன். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலை நாளும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் கேட்கிறது, குறைக்கச் சொல்வது எங்கள் எண்ணம் இல்லை. ஆனால் அந்த வாரத்தைப் பாருங்கள். 26ஆம் தேதி ஞாயிறு, குடியரசு நாள். கொடியேற்ற எல்லோரும் வந்தோம். 27 திங்கள் வழக்கம்போலப் பள்ளி. 20ஆம் தேதி திங்களில் தொடங்கி அடுத்த வெள்ளி 31 வரை, ஒரு நாள் விடாமல் பன்னிரண்டு நாள். அந்தச் சனிக்கிழமை என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. வந்தவர்களும் சோர்ந்து போயிருந்தார்கள், பாடம் எதுவும் அன்று நகரவில்லை.

இது ஒரு தடவை நடந்தது அல்ல. 2023இல் தீபாவளி நவம்பர் 12 ஞாயிறு, மறுநாள் திங்கள் விடுமுறை என்று அறிவித்து 18ஆம் தேதி சனிக்கிழமையை ஈடு வைத்தார்கள். 2024இல் தீபாவளி அக்டோபர் 31 வியாழன். நவம்பர் 1 வெள்ளி விடுமுறை, ஈடு நவம்பர் 9 சனி. ஒவ்வொரு முறையும் பண்டிகை நெருங்கிய பிறகுதான் தகவல் வரும். நடுவில் நிற்கும் அந்த ஒற்றை நாளை விட்டுவிடுவது கிட்டத்தட்ட வழக்கமாகவே ஆகிவிட்டது. தீபாவளி எந்தக் கிழமையில் வருகிறது என்பது அடுத்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியல் போடும்போதே எல்லோருக்கும் தெரிகிறது. பிறகு ஏன் அந்த நாளை மட்டும் கடைசி வரை தொங்கலில் விட வேண்டும்?

எனவே என் முதல் கோரிக்கை. ஆண்டுப் பட்டியல் வெளியிடும்போதே, பண்டிகையை ஒட்டிக் கூடுதலாக விடும் சேர்ப்பு விடுமுறையையும் அதற்கு ஈடான சனிக்கிழமையையும் போட்டுவிடுங்கள். கல்வியாண்டு தொடங்கும்போது வரும் பள்ளி நாட்காட்டியிலும் அவை அச்சாகட்டும். இன்னொன்றும் கேட்கிறேன், ஈடு நாளை விடுமுறைக்கு முன்னால் வையுங்கள். பிள்ளைகளின் மனம் எனக்குத் தெரியும். வரப்போகிற திங்கட்கிழமைக்காக இந்தச் சனிக்கிழமை பள்ளிக்கு வா என்றால் ஓடி வருவார்கள். முடிந்துபோன விடுமுறைக்காக வா என்றால் வயிற்றுவலி வந்துவிடும். முன்னால் உழைத்துச் சேர்த்த விடுமுறையை அனுபவிக்கும்போது ஆசிரியர்களுக்கும் மனதில் ஒரு நிம்மதி இருக்கும்.

இரண்டாவது கோரிக்கை தலைமையாசிரியர்களுக்கு, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று எல்லோருக்கும். அந்த விடுமுறை நாட்களில் சிறப்பு வகுப்பு வைக்காதீர்கள். இதைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று பல நாள் யோசித்தேன். ஏனென்றால் ஒரு வருடம் நானும் வைத்தேன்.

2023 பொங்கல் அது. 15 ஞாயிறு பொங்கல், 16 திங்கள் மாட்டுப் பொங்கல், 17 செவ்வாய் காணும் பொங்கல். ஏப்ரலில் தேர்வு நெருங்குகிறது, கணிதத்தில் பன்னிரண்டு பேர் தேறுவார்களா என்ற சந்தேகம். செவ்வாய்க்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு என்று கூட்டத்தில் முடிவானது. யார் முதலில் சொன்னார்கள் என்பது இங்கே தேவையில்லை, நானும் தலையாட்டினேன். அந்த வருடம் நான் ஊருக்கே போகவில்லை.

நாற்பத்திரண்டு பேரில் பதினொரு பேர் வந்தார்கள். உயரங்களும் தொலைவுகளும் நடத்திக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண், வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள், அவளுக்கு அந்தச் சிறப்பு வகுப்பே தேவையில்லை. மிஸ் வரச் சொன்னார்கள் என்பதற்காக வந்துவிட்டாள். பொங்கலுக்கு எடுத்த புதுப் பாவாடை சட்டை போட்டிருந்தாள். பன்னிரண்டரை மணி இருக்கும், வாசலில் ஒரு ஆணும் பெண்ணும் தோளில் பையோடு நின்றார்கள், இடுப்பில் ஒரு குழந்தை. அவளுடைய அப்பா, அம்மா, தம்பி. போகி அன்று ராத்திரிதான் பெங்களூரிலிருந்து வந்தார்களாம். ஒரு மணி பேருந்துக்குக் கிளம்பிவிட்டார்கள், மறுநாள் காலை வேலையில் நிற்க வேண்டும். அப்பா உள்ளே வரவில்லை. "படிப்பைக் கெடுக்கல டீச்சர், ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறோம்" என்றார்.

அவளை அனுப்பினேன். வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் நின்று பேசினார்கள். அம்மா அவள் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டார். பேருந்து வந்தது, ஏறிப் போனார்கள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போட ஆரம்பித்தாள். அழவில்லை. எனக்குத்தான் அதற்குமேல் கரும்பலகையில் எழுதக் கை ஓடவில்லை. சந்தேகத்தில் இருந்த பன்னிரண்டு பேரில் அன்று வந்தவர்கள் இரண்டே பேர்.

அடுத்த கல்வியாண்டில் நாங்களே ஒரு கணக்குப் போட்டோம். பொங்கல் விடுமுறையில் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு வைத்தால் மொத்தம் ஒன்பது மணி நேரம். அதை நவம்பர் கடைசியில் ஒன்பது மாலைகளில், பள்ளி விட்டதும் ஒரு மணி நேரமாகப் பிரித்துக்கொண்டோம். பாட்டிகள் பயப்படாமல் இருக்க, இருட்டுவதற்குள் கிளம்பும்படி முடித்தோம். யாருக்கு உண்மையில் தேவையோ அவர்களை மட்டும் உட்கார வைத்தோம். அந்தப் பொங்கல் 2024இல் திங்கள், செவ்வாய், புதன் என்று வந்தது. சனி, ஞாயிறோடு ஐந்து நாள். ஒரு வகுப்பும் இல்லை. மாட்டுக் கொம்புக்குப் பூசிய வண்ணம் விரல் நகத்தில் இன்னும் போகாமல் பிள்ளைகள் வியாழக்கிழமை வந்து உட்கார்ந்தார்கள். அன்று முதல் பாடவேளையில் நான் பாடம் எடுக்கவில்லை. எருதாட்டத்தில் எந்த ஊர் மாடு பிடிபடாமல் ஓடியது, யாருடைய அப்பா எத்தனை நாள் இருந்தார், காப்புக் கட்ட பூளைப்பூ எந்தக் கரட்டில் கிடைத்தது என்று அவர்கள் பேசினார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பனையோலை போட்டு எரிப்போம், பனங்கிழங்கு அவிப்போம் என்று நான் சொன்னேன். இங்கே பலர் பனங்கிழங்கைப் பார்த்ததே இல்லை. அடுத்த முறை ஒரு கட்டு கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பொங்கலுக்கும் கொண்டுவருகிறேன்.

சிறிய வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. அப்படியிருந்தும் சில தனியார் பள்ளிகளில் ஐந்து நாள் விடுமுறை என்றால் ஐந்து நாளுக்கும் சேர்த்து எழுதக் கொடுத்து அனுப்புகிறார்கள். நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை, காணும் பொங்கல் அன்று ராத்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்றிலிருந்து நூறு வரை பத்துத் தடவை எழுதிக்கொண்டிருந்தது. அதன் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அதே கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பத்துப் பக்கத்தால் யாருக்கு என்ன கிடைத்தது?

நான் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. நீண்ட விடுமுறை எல்லாப் பிள்ளைக்கும் இனிப்பது இல்லை. அப்பா அம்மா வராத வீடுகள் இருக்கின்றன. பள்ளியில் மதியம் கிடைக்கிற சாப்பாடும் முட்டையும் இல்லாத ஐந்து நாள் என்பது சில வீடுகளில் பெரிய விஷயம். அரசு மாணவர் விடுதிகளிலிருந்து வரும் பிள்ளைகளில் ஊருக்குக் கூட்டிப்போக யாரும் வராமல் பை கட்டி உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர்களுக்காகத்தான் இன்னும் அழுத்திக் கேட்கிறேன், தேதியை முன்னாலேயே சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு முன் தெரிந்தால் வர முடியாத அப்பா ஒருவேளை வர முடியும். அவரால் முடியாவிட்டால் சித்தப்பாவோ மாமாவோ கூட்டிப்போக ஏற்பாடு செய்யலாம். யாரும் இல்லாத பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க எங்களுக்கும் நேரம் கிடைக்கும். எங்கள் சத்துணவு அக்கா போன பொங்கலுக்கு இரண்டு பிள்ளைகளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். முந்தின வாரமே தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது.

பண்டிகையை முதலில் மறந்துவிட்டுப் பிறகு திருத்துவது எவ்வளவு அலைச்சல் என்பதற்கு 2025 ஜனவரியே சாட்சி. 14ஆம் தேதி வைத்திருந்த, பட்டயக் கணக்காளர் படிப்புக்கான சி.ஏ. அடிப்படைத் தேர்வு 16க்கு மாற்றப்பட்டது. 15ஆம் தேதி நடக்கவிருந்த, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் பொங்கலைச் சொல்லித் தள்ளிவைக்கப்பட்டது. எழுதவிருந்தவர்கள் அதற்குள் எத்தனை முறை டிக்கெட் எடுத்து ரத்து செய்திருப்பார்கள்! முதலிலேயே நாட்காட்டியைப் பார்த்திருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது.

இனி 2026க்கு வருகிறேன். ஆயுத பூஜை அக்டோபர் 19 திங்கள், விஜயதசமி 20 செவ்வாய். இதற்கு யாரும் தனியாக எதுவும் அறிவிக்க வேண்டாம், சனி, ஞாயிறோடு தானாகவே நான்கு நாள். அதற்கு முந்தைய 17ஆம் தேதி சனிக்கிழமையை வேலை நாளாகப் போடாமல் இருந்தால் போதும். தீபாவளி நவம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை. 2023இல் வந்த அதே மாதிரிதான். மறுநாள், 9ஆம் தேதி திங்கட்கிழமை, விடுமுறையா இல்லையா? விடுமுறை என்றால் அதற்கு ஈடான சனிக்கிழமையை அக்டோபரிலேயே வைத்துவிடுங்கள். இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், ஞாயிறு இரவே கிளம்பி வந்துவிடுகிறோம், மனத்தாங்கல் இல்லை.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான். நவம்பர் 9 இரவு வண்டிக்கு செப்டம்பர் 10 காலை எட்டு மணிக்குத் திறக்கும், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பாவது உங்கள் பதில் வந்துவிட்டால், அன்று காலை வருகைப் பதிவு எடுக்கும்போதே என் வகுப்பில் சொல்லிவிடுவேன். ராத்திரி எட்டு மணிக்கு அவர்கள் பெங்களூருக்குச் சொல்லிக்கொள்வார்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
தருமபுரி மாவட்டத்தில் பணியாற்றும் ஒரு கணித ஆசிரியை